வெயில் ஊரில் சின்னதாக ஒரு பவளத் தொட்டி: 2 அடி உப்புநீர்த் தொட்டியை வரிசைப்படி அமைக்க முழுமையான வழிகாட்டி

புதிதாக உப்புநீர்த் தொட்டி வைப்பவர்களில் பலர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தொட்டி, உப்பு, மணல், மீன் எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த ஞாயிறு மீன் செத்துக் கிடக்கும். வாங்கிய பொருளில் குறை இருக்காது. எட்டாவது வாரம் செய்ய வேண்டியதை முதல் நாளே செய்திருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியில் எந்தப் பொருளை வாங்குவது என்பதைவிட எப்போது வாங்குவது என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

கணக்கெல்லாம் சென்னை போன்ற ஊரில், 2 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டிக்கு. முழுக் கொள்ளளவு 88 லிட்டர் வரும். கல்லும் மணலும் போட்டு மேலே கொஞ்சம் இடம் விட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 70 லிட்டர். "முதல்முறைதானே, 20 லிட்டரில் பழகிக்கொள்கிறேன்" என்பார்கள். வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் வேகமாக மாறும். சின்னத் தொட்டிதான் பழகியவர்களுக்கான தொட்டி.

1. எதை வளர்க்கக் கூடாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

படங்களில் பார்த்து ஆசைப்படும் கல் பவளங்கள் எல்லாமே இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் அதில் உண்டு. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

செத்த பவளக் கல்லுக்கும் இதே கதைதான். ராமேஸ்வரம் போனபோது கரையில் பொறுக்கிய துண்டு என்று சொல்லித் தப்ப முடியாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா.

அப்புறம் எதை வைப்பது? எலும்புக்கூடு இல்லாத மென்பவளங்கள்: சோவாந்தஸ், காளான் பவளம், லெதர் கோரல், பச்சை நிற ஸ்டார் பாலிப். புதியவர்களின் தொட்டியில் தாக்குப்பிடிப்பவையும் இவைதான். எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள்.

2. இடமும் மின்சாரமும்

தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 120 கிலோவைத் தொடும். ஷூ ராக்கும் டி.வி. ஸ்டாண்டும் தாங்காது. இரும்புச் சட்டமோ கெட்டியான மர மேசையோ வேண்டும். மட்டப் பலகை வைத்து நான்கு மூலையும் பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் கண்ணாடி ஒட்டில் பாரம் ஏறி, மாதங்கள் கழித்துக் கசியும்.

ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். வெயில் பட்டால் பாசியும் சூடும் சேர்ந்தே வரும்.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டிக்குப் போகும் இணைப்பில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக் பாயின்ட்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறட்டும். ஒயர் வழியே ஓடி வரும் சொட்டு அந்த வளைவிலேயே தரையில் விழுந்துவிடும், பிளக்கை எட்டாது.

இன்வெர்ட்டர் இருந்தால் அலை பம்ப் ஒன்றை மட்டும் அதில் போடுங்கள். விளக்கு ஒரு நாள் எரியாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தண்ணீர் அசையாமல் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீரும், அதுவும் வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதுபோன்ற நாளுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அலமாரியில் கிடக்கட்டும்.

அந்த அறையில் கொசுவத்தி, கொசு மருந்து மெஷின், ஸ்ப்ரே எதுவும் கூடாது. அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது. ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள்.

3. வெப்பச் சோதனை: சாதா தண்ணீரில் மூன்று நாள்

இந்தப் படியை அநேகமாக எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். தொட்டியை வைத்ததும் குழாய்த் தண்ணீர் நிரப்பி, பம்ப், விளக்கு எல்லாவற்றையும் போட்டு மூன்று நாள் ஓட்டுங்கள். கசிவு இருந்தால் உப்பு வீணாகாமல் தெரிந்துவிடும். இன்னொன்று, உங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்பது தெரியும். காலை 6, மதியம் 3, இரவு 10 மணிக்கு அளந்து எழுதுங்கள்.

நமக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி. மென்பவளங்கள் 28ஐத் தாங்கும். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், பவளத்துக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். ஜனவரியில் தொட்டி வைத்தவருக்கு இந்தச் சிக்கல் தெரியாது. கத்திரி வெயிலில் தெரியும், ஆனால் அப்போது உள்ளே உயிர்கள் இருக்கும். குளிர்காலத்தில் சோதனை செய்தால் வந்த எண்ணோடு ஐந்தாறு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள்.

சூடு ஏறுகிறது என்றால் மூன்று வழிகள். முதலாவது, நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசும் சின்ன ஃபேன். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 2 முதல் 3 டிகிரி இறங்கலாம். கோயம்புத்தூரில் இது நன்றாக வேலை செய்யும். கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைய இருப்பதால் பலன் குறைவு. இரண்டாவது, சில்லர். விலை அதிகம். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது அறையில்தான் விடும், அதனால் மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. மூன்றாவது, ஏ.சி. அறை. இரவில் மட்டும் ஏ.சி. ஓடும் படுக்கையறை என்றால் தண்ணீர் தினமும் 25க்கும் 31க்கும் இடையே ஊஞ்சலாடும். ஒரே சீராக நிற்கும் 28 அதைவிட எவ்வளவோ மேல். அப்படிப்பட்ட அறையில் தொட்டி வைக்காதீர்கள்.

சோதனையில் தேறாவிட்டால் இங்கேயே நில்லுங்கள். குளிர்விக்க வழி செய்துவிட்டுத்தான் உப்பு வாங்க வேண்டும்.

4. தண்ணீர்

குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர்தானே, போதாதா? போதாது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத நீரைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கும். அதனால் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு, 50, 80 என்று நிற்கும். நமக்கு வேண்டியது 0. அந்த 80இல் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகா என எது வேண்டுமானாலும் இருக்கலாம். தினமும் ஆவியாகும் நீருக்கு ஈடாக இதையே ஊற்றுவதால் அத்தனையும் உள்ளேயே சேரும். பின்னால் பாசியாகத் தலைகாட்டும்.

இயந்திரத்தில் அந்தக் கலப்பை அடைத்துவிட்டு, வெளிவரும் நீரை, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றின் வழியாக விட்டால் 0 வரும். போர் தண்ணீரில் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும் வீடுகளில் ரெசின் சீக்கிரம் தீர்ந்துபோகும், அதையும் கணக்கில் வையுங்கள். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாரம் ஒருமுறை முக்கிப் பாருங்கள்.

"கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, இரண்டு கேன் பிடித்து வந்தால் என்ன?" சென்னைக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத் தண்ணீரில் என்ன வருகிறது என்று நமக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கரையோர உப்பின் அளவே கணிசமாக இறங்கிவிடும். ஒவ்வொரு கேனும் ஒரு மாதிரி இருக்கும்.

5. உப்புக் கலப்பது

ரீஃப் தொட்டிக்கென்று, அதாவது பவளத் தொட்டிக்கென்று விற்கும் செயற்கைக் கடல் உப்புதான் வேண்டும். சமையல் உப்பில் கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை எதுவும் சரியாக இருக்காது.

இலக்கு 35. அதாவது ஆயிரத்தில் 35 பங்கு. அடர்த்தியாகச் சொன்னால் 1.026. லிட்டருக்கு 37 கிராம் என்று தொடங்குங்கள். 70 லிட்டருக்கு 2.6 கிலோ வரும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டி பிடிக்கும், எடையும் கூடும். அதனால் தராசை மட்டும் நம்பாமல், உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்க வேண்டும். அதை வெறும் நீரால் 0க்குச் சரிசெய்தால் போதாது. 35க்கான திரவம் தனியாக விற்கிறது. அதை வைத்துச் சரிசெய்யுங்கள், நாம் அளக்கப்போகும் இடத்திலேயே கருவி சரியாகக் காட்ட வேண்டுமே.

எப்போதும் தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அடியில் அடர்த்தி ஏறினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. பிளாஸ்டிக் பக்கெட், உள்ளே ஒரு சின்ன பம்ப், ஒரு இரவு முழுக்கச் சுழலட்டும். செம்புக் குடம், பித்தளை அண்டா பக்கமே போகாதீர்கள். நத்தை, இறால், பவளம் மூன்றுக்கும் மிகக் கொஞ்சம் செம்பே எமன்.

6. கல், அப்புறம் மணல், அப்புறம் நீர்

இந்த வரிசை முக்கியம். கல்லை நேராகத் தொட்டியின் அடிக் கண்ணாடியில் உட்கார வைத்துவிட்டு, சுற்றிலும் மணல் போடுங்கள். மணல்மேல் கல்லை அடுக்கினால், மணலைத் தோண்டும் ஏதாவது ஒரு உயிர் என்றைக்காவது அடியைச் சுரண்டி, கல் சரிந்து கண்ணாடி உடையும்.

தொட்டிக்கென்று விற்கும் உலர்ந்த நுண்துளைக் கல் 7 முதல் 8 கிலோ போதும். மனிதத் தயாரிப்பான பீங்கான் கல் இன்னும் நிம்மதி. கண்ணாடிக்கும் கல்லுக்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், பாசி சுரண்ட கை போக வேண்டும். புதியவர்கள் கல்லைச் சுவர் மாதிரி பின்பக்கம் அடுக்குவார்கள். பின்னால் அழுக்கு தேங்கி, எடுக்க முடியாமல் போகும். குகையும் வழியுமாக வையுங்கள். ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் எபாக்சி போட்டு ஒட்டுங்கள்.

மணல், அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை, ஓர் அங்குல உயரம், 8 கிலோ. ஆற்று மணலும் கட்டட மணலும் வேண்டாம். மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் நீரை ஊற்றினால் கலங்காது. அப்படியும் இரண்டு நாள் பால் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள்.

அலை பம்ப் மணிக்கு 1,400 லிட்டர் தள்ளட்டும். நீர்ப்பரப்பு நன்றாக நெளிய வேண்டும், ஆக்சிஜன் அங்கேதான் ஏறுகிறது.

7. மீன் இல்லாமல் ஆறு வாரம்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இவை கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். "திடமான மீன் ஒன்றை விட்டுப் பழக்கு" என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மீன் படும் பாட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அம்மோனியாவை நாமே போடலாம். அம்மோனியம் குளோரைடு, அதாவது ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் அதே நவச்சாரம். ஆனால் கடைத்தெரு நவச்சாரத்தில் என்ன கலந்திருக்குமோ. ஆய்வகத் தரத்தில் உள்ளதை வாங்குங்கள். 70 லிட்டருக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டால் டெஸ்ட் கிட்டில் 2 (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) காட்டும். பாட்டில் பாக்டீரியாவும் ஊற்றலாம். நல்ல நிலையில் ஓடும் தொட்டியிலிருந்து நண்பர் ஒரு துண்டுக் கல் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.

இந்த ஆறு வாரமும் விளக்கு வேண்டாம். பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை, பாசிக்குத்தான் தேவை.

முடிந்ததா என்று நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மறுபடி அம்மோனியா 2க்கு ஏற்றுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0க்கு வந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றி, சேர்ந்த நைட்ரேட்டை இறக்கிவிடுங்கள்.

8. பழுப்புக் காலம்

விளக்கைப் போட்ட இரண்டாம் வாரம் மணலும் கல்லும் பழுப்பாகும். பிறகு பச்சை இழைகள் வரும். சில தொட்டிகளில் சிவப்பு ஏடு படியும். இந்தக் கட்டத்தில்தான் பலர் பாசிக்கொல்லி வாங்க ஓடுகிறார்கள், கல்லை எடுத்துக் கழுவுகிறார்கள், கஷ்டப்பட்டு வளர்த்த பாக்டீரியாவையும் சேர்த்துச் சாக்கடையில் விடுகிறார்கள். டயட்டம் என்ற அந்தப் பழுப்புப் பாசி தானாகவே போகும். பச்சை இழையைக் கையால் பிடுங்கி, விளக்கு நேரத்தைக் குறையுங்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் 0 ஆக்கப் பார்க்காதீர்கள். பவளத்துக்கும் அவை கொஞ்சம் வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 இருக்கட்டும். இரண்டும் 0 ஆன தொட்டிகளில்தான் டைனோ என்ற சளி போன்ற பழுப்புப் பாசி பிடிக்கிறது, அதை விரட்டுவது பெரும் பாடு.

9. முதல் உயிர்கள்

முதலில் நத்தை நான்கு, ஹெர்மிட் நண்டு இரண்டு. சாப்பிட அவற்றுக்கு இப்போதுதான் பாசி இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து மீன்.

இந்த அளவுக்குத் தொட்டியில் பிறந்து வளர்ந்த க்ளவுன் மீன் ஜோடி போதும். வேண்டுமானால் பிறகு ஒரு கோபி மீன். இந்தியாவிலேயே குஞ்சு பொரித்த க்ளவுன் கிடைக்கிறது, கடலில் பிடித்ததைவிடத் திடமாக இருக்கும். நீல டாங் குட்டியாக அழகாகத்தான் இருக்கும். ஓர் அடி வளரும் மீன் அது. மாண்டரின் மீன் கோபிபாட் என்ற நுண்ணிய உயிர்களைத் தின்றே வாழ்வது, புதுத் தொட்டியில் பட்டினியால் சாகும். க்ளவுன் மீனுக்குக் கடல் சாமந்தி வேண்டும் என்பது படங்கள் பார்த்த எண்ணம். அது இல்லாமலே நன்றாக இருக்கும்.

மீன் கடைகளில் மீன் மட்டும் இருக்கும் தொட்டிகளில் உப்பைக் குறைத்து வைப்பார்கள். பையிலுள்ள நீரை வீட்டில் அளந்து பாருங்கள். 27 இருந்தால், அந்த மீனை 35க்குள் நேராக விடுவது சித்திரவதை. தனியாக 30 லிட்டர் டப்பா, ஒரு ஏர் பம்ப், ஒளிய இரண்டு பி.வி.சி. எல்போ. இதுதான் தனிமைத் தொட்டி. கடையின் உப்பளவில் தொடங்கி, தினமும் ஒன்று, இரண்டு என ஏற்றுங்கள். அங்கேயே நான்கு வாரம் இருக்கட்டும். சர்க்கரை தூவியது போல் வெள்ளைப்புள்ளி வந்தால் செம்பு மருந்தை அங்கே போடலாம், பெரிய தொட்டியில் போடவே முடியாது. நான்கு வாரம் பொறுமை இல்லாதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான், ஒரே ஒரு புது மீனால் மூன்று மீன் போனது.

10. பவளம் வைப்பது

மீன் வந்து ஒரு மாதம் ஆனபின், கண்ணாடியிலும் கல்லிலும் கோரலைன் என்ற கெட்டிப் பாசியின் ஊதாப் புள்ளிகள் தென்படத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது. முதலில் காளான் பவளம் ஒன்று. மூன்று வாரம் பாருங்கள்.

கையுறை போடாமல் சோவாந்தஸைத் தொடாதீர்கள். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடுவது, பிரஷ்ஷால் தேய்ப்பது, கண்ணாடி அணியாமல் வெட்டுவது மூன்றும் உயிருக்கே ஆபத்து. ஆவியைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனை போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

வந்த பவளத்தை, பூச்சிகளை விரட்டும் கோரல் டிப் மருந்து கலந்த நீரில் ஐந்து, பத்து நிமிடம் அலசி, முட்டையோ பூச்சியோ இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பிறகு மணல் மட்டத்தில் வையுங்கள். விளக்கு நீலம் மிகுந்த எல்.இ.டி., நாளுக்கு எட்டு மணி நேரம். ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். முதல் நாளே உச்சியில் வைத்தால் கருகும்.

லெதர் கோரல் சில நாள் சுருங்கி, மெழுகு பூசினாற்போல மங்கி நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய தோலை உரிக்கிறது. பம்ப்பைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பினால் சீக்கிரம் உரியும்.

பச்சை ஸ்டார் பாலிப்பை மட்டும் தனிக் கல்லில், மணலுக்கு நடுவில் தீவு மாதிரி வையுங்கள். பெரிய கல்லில் ஒட்டிவிட்டால் அறுகம்புல் கதைதான்.

11. தினமும், வாரமும்

ஆவியாகிப் போவது நீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். ஃபேன் ஓடும் தொட்டியில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் போகும். மூன்று நாள் விட்டால் 35 இருந்தது 37ஐத் தாண்டும். ஈடு செய்ய வேண்டியது டி.டி.எஸ். 0 உள்ள வெறும் நீர். உப்பு நீரை ஊற்றி ஏற்றிக்கொண்டே போய், "எல்லாம் சரியாகத்தான் செய்தேன்" என்று வருகிறவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, காலையில் காபிக்கு முன்னால் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள்.

வாரம் ஒருமுறை 7 லிட்டர் மாற்றுங்கள். முந்தின இரவே கலந்து, உப்பளவும் சூடும் தொட்டிக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்த்தபின் ஊற்றுங்கள். அதே நாள் காரத்தன்மையை அளந்து எழுதுங்கள். 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு) நல்லது. 7க்குக் கீழே போனால் விலையுயர்ந்த புட்டி தேவையில்லை. ஆப்ப சோடா 2 கிராம், 70 லிட்டரில் ஒரு டி.கே.எச். ஏற்றும். பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, மாற்றிவிடாதீர்கள். வெறும் நீரில் கரைத்து அலை அடிக்கும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒரு எண்ணுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

12. மேம்படுத்துவதற்கும் வரிசை உண்டு

கையில் காசு வந்தால் எல்லோரும் முதலில் விளக்கை மாற்றுகிறார்கள். என் வரிசை வேறு. முதலில், நீர் குறைந்தால் தானாக ஊற்றும் கருவி. உப்பின் அளவை ஒரே இடத்தில் நிறுத்துவதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. ஆனால் அதன் நீர்த்தொட்டி 10 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சார் மக்கர் செய்தால் அந்த 10 லிட்டரோடு சேதம் நிற்கும். இரண்டாவது, ஃபேனையோ சில்லரையோ இயக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. பிறகு இரண்டாவது அலை பம்ப். அதன்பிறகுதான் விளக்கு. கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் கடைசி. வாரா வாரம் நீர் மாற்றும் மென்பவளத் தொட்டிக்கு அது இல்லாமலே ஓடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் விடுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டுப் பவளம் சுருங்கினால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஊருக்குப் போகும்போது தொட்டியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரே வேலைதான் கொடுக்க வேண்டும். மாத்திரை டப்பாவில் நாள்வாரியாகத் தீனி போட்டு, "அக்கா, ஒரு நாளைக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான்" என்று சாவியோடு கொடுங்கள். தீனி டப்பாவை மறக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பாவம், பசிக்குமே என்று மீனுக்கு இரக்கப்படுபவர்கள் நம் ஊரில் அதிகம்.